எண்டோமெட்ரியோசிஸ் குடல் சர்ஜரிக்கு உடம்பை எப்படி தயார் பண்றது

சர்ஜரி தேதி குறிச்சதும் எல்லாரும் முதல்ல கேக்கறது வயித்தைக் கழுவற மருந்தைப் பத்திதான், அதைக் குடிச்சு முடிக்க முடியுமா, எத்தனை தடவை பாத்ரூம் போகணும்னு. நானும் அதைத்தான் கேட்டேன். ஆனா அது ஒரே ஒரு நாள் வேலைங்க. அதுக்கு முன்னாடி உங்க கையில 4 வாரமோ 6 வாரமோ இருக்கும், அந்த வாரங்கள்ல ரத்தம், சதை, மூச்சு, தூக்கம் இதையெல்லாம் எவ்வளவு தேத்தி வைக்கறீங்களோ அதுதான் ஆபரேஷன் முடிஞ்சு கட்டில்ல இருந்து முதல் தடவை எந்திரிக்கும்போது கை கொடுக்கும். எனக்கு மலக்குடல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் இணைச்சாங்க. முதல்ல கொடுத்த தேதி, ரத்தம் கம்மியா இருக்குன்னு தள்ளிப்போயிடுச்சு, அப்ப அழுதேன், ஆனா அந்தக் கூடுதல் வாரங்கள்லதான் நான் நிஜமாவே தயாரானேன். அதுல கத்துக்கிட்டதையும், டாக்டர், நர்ஸ், பிசியோன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டு தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க எழுதறேன். உங்க டாக்டர் சொல்றது இதுக்கு மாறா இருந்தா அவங்க சொல்றபடியே செய்யுங்க, உங்க ஸ்கேனைப் பாத்தது அவங்கதான்.

என்ன ஆபரேஷன்னு முதல்ல தெளிவாக் கேளுங்க

கர்ப்பப்பையோட உள்சுவர் மாதிரி இருக்கற திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அது குடலைப் பிடிச்சா பெரும்பாலும் மலக்குடல்லயும் அதுக்கு மேல இருக்கற சிக்மாய்ட் பகுதியிலயும்தான் வரும், சில பேருக்கு அப்பெண்டிக்ஸ்லயும் சிறுகுடல் முடியற இடத்துலயும் வரலாம். இது குடலோட வெளிப்பக்கத்துல இருந்து உள்ள துளைச்சுட்டுப் போற நோய், அதனாலதான் ஆசனவாய் வழியா கேமரா விட்டுப் பாக்கற கொலனோஸ்கோபி பண்ணா நிறைய பேருக்கு நார்மல்னு வருது. உள்பக்கம் சுத்தமா இருக்கும், வெளிய கட்டி இருக்கும். அந்த நார்மல் ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வலியோட அலைஞ்சவங்க எத்தனையோ பேர். இதைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐயும், இதுல அனுபவம் இருக்கறவங்க பிறப்புறுப்பு வழியா பண்ற உள்வழி ஸ்கேனும்தான் உதவும்.

ஆபரேஷன் பொதுவா 3 விதம். குடல் மேல ஒட்டியிருக்கறதை மட்டும் சீவி எடுக்கறது ஒண்ணு. குடல் சுவர்ல வட்டமா ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தைக்கறது இன்னொண்ணு, கட்டி ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் இதை யோசிப்பாங்க. கட்டி பெருசாவோ ஒண்ணுக்கு மேலயோ இருந்தா குடல்ல ஒரு துண்டையே எடுத்துட்டு இணைக்கறது மூணாவது. இது மூணுக்கும் தேறி வர்ற காலமும் வேற, வர்ற சிக்கலும் வேற. அதனால "என் கேஸ்ல எது பண்ணப் போறீங்க, உள்ள போய்ப் பாத்து மாறினா எதுவா மாறும்"னு நேராக் கேட்டுடுங்க. குடல் சர்ஜன் கூட இருப்பாரா, இல்ல தேவைப்பட்டா மட்டும் கூப்பிடுவாங்களான்னும் கேளுங்க. அன்னைக்கு அவர் அதே கட்டடத்துல இருக்கணும், இதுல விட்டுக் கொடுக்காதீங்க.

கிட்னிக்கு ஸ்கேன் பண்ணாங்களான்னு பாருங்க, இது நிறைய பேர் கேக்காம விடற விஷயம். கிட்னியில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாயை இந்த நோய் நெரிச்சா வலியே இல்லாம கிட்னி வீங்கிப் போகலாம், அது முன்னாடியே தெரிஞ்சா யூரோ டாக்டரும் சேர்ந்து திட்டம் போடுவாங்க. சினைப்பையில சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கின கட்டி, இருந்து அதையும் சேர்த்து எடுக்கப் போறாங்கன்னா, பின்னாடி குழந்தை வேணும்னு எண்ணம் இருக்கறவங்க முட்டை இருப்பைக் காட்டற ஏஎம்எச் டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்து, அதைப் பத்தி உக்காந்து பேசிடுங்க.

ரத்தம்

நான் சறுக்கினது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மாசாமாசம் அதிகமா ரத்தம் போறவங்களுக்கு ஹீமோகுளோபின் கம்மியா இருக்கறது சகஜம், நமக்கு அது பழகியும் போயிடும், மாடி ஏறினா மூச்சு வாங்கறது, தலை சுத்தறது எல்லாம் "எனக்கு எப்பவுமே இப்படித்தான்"னு ஆயிடும். ஹீமோகுளோபின் மட்டும் பாத்தா போதாது, ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு அது காட்டும், அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க. ஆபரேஷன் பேச்சு எடுத்த அன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க, கடைசி வாரத்துல இல்ல. ஏன்னா இரும்பு மாத்திரை வேலை செய்யறதுக்கு வாரக்கணக்குல ஆகும். நாள் கம்மியா இருந்தா, இல்ல மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கலைன்னா, நரம்பு வழியா டிரிப்ஸ் மாதிரி ஏத்துவாங்க, எனக்கு கடைசியில அதைத்தான் பண்ணாங்க.

மாத்திரையா எடுக்கறீங்கன்னா வெறும் வயித்துல, வைட்டமின் சி இருக்கற பழச்சாறோட எடுத்தா உடம்புல நல்லா ஏறும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இதெல்லாம் அதோட சேர்க்கக் கூடாது, முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது, முடிஞ்சா ரெண்டு மணி நேரம் விடுங்க. நான் மாத்திரை போட்ட கையோட டீ குடிச்சுட்டு இருந்தேன், ரெண்டு மாசமா, யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. தினமும் போட்டா வயிறு எரியுதுன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அப்படிப் போட்டாலும் நல்லாவே ஏறும். இன்னொரு விஷயம், இரும்பு மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், மோஷனைக் கறுப்பா பசை மாதிரி ஆக்கும், குடலைக் கழுவும்போது அது லேசுல போகாது, அதனால பொதுவா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. எப்ப நிறுத்தணும்னு தேதியோட எழுதி வாங்கிக்கோங்க.

மருந்துகள்

நீங்க போடற எல்லா மாத்திரையையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க, கடையில நீங்களா வாங்கற வலி மாத்திரை, வைட்டமின், மூலிகை கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் உட்பட. பூண்டு கேப்ஸ்யூல், ஜின்கோ, ஜின்செங், மஞ்சள் கேப்ஸ்யூல் மாதிரி சிலது ரத்தம் உறையறதைப் பாதிக்கலாம், இயற்கைதானேன்னு மறைக்காதீங்க, ஒன்னு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. ஆஸ்பிரின், ஐப்யூபுரோஃபென் மாதிரி மாத்திரையை எப்ப நிறுத்தறது, நிறுத்தினா வலிக்கு பதிலா என்ன போடறதுன்னு ரெண்டையும் சேர்த்தே கேளுங்க. எண்டோ இருக்கறவங்ககிட்ட வெறுமனே வலி மாத்திரையை நிறுத்துன்னு சொன்னா அந்த நாட்களை எப்படித் தள்ளறது?

ஹார்மோன் மாத்திரையில கவனம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால காலுல ரத்தம் கட்டற வாய்ப்பு கூடும், அதனால பெரிய ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்ற வழக்கம் இருக்கு. டயனோஜெஸ்ட் மாதிரி புரோஜெஸ்டின் மட்டும் இருக்கற மாத்திரையை பெரும்பாலும் தொடரச் சொல்லுவாங்க. எதையுமே நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா ரத்தப்போக்கும் வலியும் ஒண்ணா வந்து நிக்கும். சுகர் மாத்திரை, உடம்பு எடை குறைக்க வாரம் ஒரு தடவை போடற ஊசி, இதெல்லாம் மயக்க மருந்து டாக்டருக்குக் கண்டிப்பா தெரியணும், அந்த ஊசி போடறவங்களுக்கு வயித்துல சாப்பாடு நேரத்துக்குக் காலியாகாம தங்கலாம், மயக்கத்துல அது மேல வந்தா நுரையீரலுக்குப் போயிடும். வலிக்காக ரொம்ப நாளா மார்ஃபின் வகை மாத்திரையோ டிராமடாலோ போடறவங்க அளவைக் குறைச்சுச் சொல்லாதீங்க. வழக்கமான டோஸ் உங்களுக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சாதான் ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குத் தகுந்த மாதிரி கொடுப்பாங்க.

சிகரெட் பிடிக்கறவங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. குடலை வெட்டி இணைச்ச இடம் ஆறணும்னா அங்க ரத்த ஓட்டம் வேணும், புகை அந்த ரத்தக் குழாயைச் சுருக்கிடும், இணைப்புல கசிவு வர்ற ஆபத்து கூடும். குறைஞ்சது 4 வாரம் முன்னாடி நிறுத்தணும். 4 வாரம் இல்லைன்னாலும் இன்னைக்கே நிறுத்துங்க.

சாப்பாடும் சதையும்

ஆறுறதுக்கு புரதம் வேணும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வரைக்கும்னு கணக்கு சொல்லுவாங்க, 60 கிலோ இருக்கறவங்களுக்கு 72ல இருந்து 90 கிராம் வருது. ஒரு முட்டையில சுமார் 6 கிராம்தான் இருக்கு, அதை வச்சு கணக்குப் போட்டுப் பாத்தா நாம எவ்வளவு கம்மியா சாப்பிடறோம்னு தெரியும். சாப்பிட்டாலே வயிறு உப்பி வலிக்கும்னு பயந்து பயந்து சாப்பாட்டைக் குறைச்சே பழகினவங்க நாம, அதனால ஒரே நேரத்துல நிறைய முடியலைன்னா 5, 6 தடவையா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு, பன்னீர்னு ஏதாவது ஒண்ணு இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. பருப்பு கேஸ் பண்ணுதுன்னா விடுங்க, புரதப் பவுடர் ஒத்துக்கிச்சுன்னா அதுவும் சரிதான். கிட்னியில பிரச்னை இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு கூட்டுங்க. இந்த நேரத்துல எடை குறைக்கணும்னு பட்டினி கிடக்காதீங்க, ஒரு சில வாரத்துல குறையறது கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் சேர்ந்து போயிடும்.

தினமும் நடங்க. வலி இல்லாத நாள்ல 30 நிமிஷம், வலி இருக்கற நாள்ல வீட்டுக்குள்ளயே 5 நிமிஷம்னு நாலு தடவை. கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உக்கார்றது ஒரு நாளைக்கு 10 தடவை வீதம் ரெண்டு மூணு முறை. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் டாய்லெட்ல இருந்து எந்திரிக்கறதுக்கு வயித்தை இழுக்காம தொடையாலயே எந்திரிக்கணும், அதுக்கு இந்தப் பயிற்சிதான். கட்டில்ல இருந்து எந்திரிக்கற விதத்தையும் இப்பவே பழகிடுங்க. நேரா எந்திரிக்கக் கூடாது, முழங்காலை மடக்கி, மரக்கட்டை உருள்ற மாதிரி உடம்பை ஒரே வாட்டமா பக்கவாட்டுல திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, அதே நேரத்துல கையை ஊன்றித் தள்ளி உக்காரணும். இருமும்போது தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிக்கறதையும் அதோட சேர்த்துப் பழகிக்கோங்க.

மூச்சுக்கு மூணு பந்து இருக்கற ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பாங்க, ஸ்பைரோமீட்டர்னு சொல்லுவாங்க. அதை ஊதறாங்க நிறைய பேர். ஊதக் கூடாது, வாயில வச்சு மெதுவா உள்ள உறிஞ்சணும், பந்து மேல ஏறும், அப்படியே 3, 4 வினாடி நிறுத்திட்டு விடணும். நானும் மூணு நாள் ஊதிட்டு பந்து ஏறவே மாட்டேங்குதுன்னு உக்காந்திருந்தேன், எங்க அக்காதான் பேப்பரைப் படிச்சுட்டு திருத்தினாங்க.

அடி இடுப்புத் தசையையும் மலச்சிக்கலையும் முன்னாடியே பாருங்க

இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. வருஷக்கணக்கா வலியிலயே இருந்ததால நமக்கு அடி இடுப்புத் தசை எப்பவுமே இறுகிப் பிடிச்சு இருக்கும், நமக்கே தெரியாது. அந்த நிலைமையில கீகல், அதாவது அந்தத் தசையை இறுக்கற பயிற்சி, பண்ணுன்னு யாராவது சொன்னா இறுக்கம் இன்னும் கூடும், வலியும் கூடும். நமக்கு பெரும்பாலும் வேண்டியது தளர்த்தறது. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை வயித்து மேல வச்சு, மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பி அடிப்பகுதி இறங்கற மாதிரி விடணும், எதையும் அழுத்தாம. 5 நிமிஷம் காலையில, 5 நிமிஷம் ராத்திரி. அடி இடுப்புக்கான பிசியோவை ஒரு தடவையாவது ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்துடுங்க, ஏன்னா மூத்திர டியூப் எடுத்த அப்புறம் யூரின் வராம திணறும்போது இந்தத் தளர்த்தற பழக்கம்தான் உதவும், எனக்கு உதவினது அதுதான்.

மலச்சிக்கல் இருந்தா ஆபரேஷன் வரைக்கும் காத்திருக்காதீங்க. கட்டி குடலை ரொம்பக் குறுக்கியிருந்தா நார்ச்சத்து அதிகமா சாப்பிடறது கெடுதல்கூட ஆகலாம், அடைச்சுக்கும், அதனால உங்க ஸ்கேன்ல குறுகல் எவ்வளவுன்னு கேட்டு அதுக்குத் தகுந்த மலமிளக்கி வாங்கிக்கோங்க. வாந்தியோட வயிறு உப்பி, காத்தும் போகலை, மோஷனும் போகலைன்னா அது ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டிய நிலைமை. டாய்லெட்ல உக்காரும்போது காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பை விட உயரமா இருக்கற மாதிரி வச்சா முக்க வேண்டிய அவசியம் குறையும்.

ஸ்டோமா பத்தி

வயித்துல பை வைக்கற விஷயம். ரொம்பக் கீழ இணைப்பு போட்டாலோ, பிறப்புறுப்பையும் அதே நேரத்துல திறந்து தைக்க வேண்டி வந்தாலோ, ரெண்டு தையலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டை விழாம இருக்க குடலைக் கொஞ்ச நாளைக்கு வயித்து வழியா வெளிய விடுவாங்க. பெரும்பாலும் தற்காலிகம்தான், 2, 3 மாசத்துல இன்னொரு சின்ன ஆபரேஷன்ல மூடிடுவாங்க. "உங்களுக்கு வராது"ன்னு சொன்னாலும், வந்தா என்னன்னு கேளுங்க. வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சா ஆபரேஷனுக்கு முன்னாடியே ஸ்டோமா நர்ஸ் உங்க வயித்துல இடம் குறிக்கணும், உக்காந்து, நின்னு, குனிஞ்சு பாத்து, மடிப்பு விழாத, பேண்ட் பட்டி படாத, உங்க கண்ணுக்குத் தெரியற இடமா. வழக்கமா நீங்க இடுப்புல கட்டற உடையோடயே போங்க. சரியான இடத்துல குறிக்காம வச்ச பை கசியும், தோல் புண்ணாகும்.

எனக்குக் குறிச்ச அன்னைக்கு நர்ஸ் ஒரு காலிப் பையில கொஞ்சம் தண்ணி ஊத்தி அந்த இடத்துல ஒட்டிவிட்டு, ஒரு நாள் இப்படியே இருந்து பாருங்கன்னாங்க. ராத்திரி படுத்தப்ப அந்தத் தண்ணி ஒரு பக்கமா சரிஞ்சு வயித்துல சில்லுன்னு பட்டது, அழுகை வந்துச்சு. காலையில எந்திரிச்சப்ப பயம் பாதியாக் குறைஞ்சிருந்தது. எனக்குப் பை வைக்க வேண்டி வரலை, ஆனா அந்த ஒரு ராத்திரி இல்லைன்னா நான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நடுங்கிட்டே போயிருப்பேன்.

கடைசி மூணு நாள்

குடலைக் கழுவற மருந்து எல்லாருக்கும் கொடுக்கறதில்ல, சில சர்ஜன் இனிமா மட்டும் கொடுப்பாங்க, சிலர் எதுவுமே வேண்டாம்பாங்க, சிலர் கழுவற மருந்தோட ஆன்டிபயாடிக் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பாங்க, காயத்துல தொத்து வர்றதைக் குறைக்க. உங்களுக்கு எதுன்னு கேட்டுக்கோங்க. கழுவணும்னா 2, 3 நாள் முன்னாடியே சக்கை இல்லாத சாப்பாட்டுக்கு மாறுங்க, வெள்ளை அரிசிச் சோறு, வெள்ளை பிரெட், முட்டை, மீன், தோல் உரிச்சு வேகவச்ச உருளைக்கிழங்கு இப்படி. விதை, தோல், கீரை, பச்சைக் காய்கறி, முழு தானியம், பருப்பு வேண்டாம். ஆபரேஷனுக்கு முதல் நாள் தெளிவான திரவம் மட்டும், வடிகட்டின சூப், வடிகட்டின ஆப்பிள் சாறு, பால் இல்லாத டீ, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ். சிவப்பு, ஊதா கலர் எதுவும் வேண்டாம், ரத்தம் மாதிரி தெரியும். வெறும் தண்ணியை மட்டும் குடிச்சுட்டே இருக்காதீங்க, உப்புச்சத்து குறைஞ்சு மயக்கம் வரும்.

மருந்து 2 லிட்டரோ 4 லிட்டரோ, எந்த மருந்துங்கறதைப் பொறுத்து. முன்னாடியே கரைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சு நல்லா சில்லுன்னு ஆனதும் எடுங்க. ஸ்ட்ரா போட்டு நாக்கோட பின்பக்கம் விழற மாதிரி உறிஞ்சினா ருசி அவ்வளவா தெரியாது. 15 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர்னு, கடிகாரத்தை எதிர்ல வச்சுக்கிட்டு குடிங்க, ஒரே மூச்சுல வேண்டாம். குமட்டினா அரை மணி நேரம் நிறுத்தி வீட்டுக்குள்ள நடந்துட்டு மறுபடி ஆரம்பிங்க. வாந்தி நிக்காம வந்தா, நின்னா கண்ணு இருட்டினா, வயிறு கல்லு மாதிரி ஆனா குடிக்கறதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க. கிட்னி, இதயப் பிரச்னை இருக்கறவங்களுக்கு எந்த மருந்துங்கறது மாறும், முன்னாடியே சொல்லிடுங்க.

முதல் தடவை பாத்ரூம் போறதுக்கு முன்னாடியே ஆசனவாயைச் சுத்தி வாசலினோ, குழந்தைகளுக்குப் போடற ராஷ் க்ரீமோ தடவிடுங்க. புண்ணானதுக்கு அப்புறம் தடவி பிரயோஜனம் இல்ல. துடைக்காம தண்ணியால கழுவி மெத்துன்னு ஒத்தி எடுங்க. போக வேண்டிய நிலை கடைசியில யூரின் மாதிரி மஞ்சளா தெளிவா வர்றதுதான், சக்கை இல்லாம. மருந்து குடிக்கற நேரத்துல போட்ட மாத்திரை அடிச்சுட்டுப் போயிடும், அதனால முக்கியமான மாத்திரை எதுவானாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க.

மத்தவங்களுக்கு இது வெறும் வயித்துப்போக்கு, நமக்கு மலக்குடல்லயே கட்டி இருக்கறதால ஒவ்வொரு தடவையும் உள்ள இருந்து கத்தி இறங்கற மாதிரி வலி வரலாம். இதை டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி அந்த ராத்திரிக்கு எந்த வலி மாத்திரை போடலாம், வயித்து இழுப்புக்கு என்ன போடலாம்னு எழுதி வாங்கி வைங்க, ராத்திரி 11 மணிக்கு யாரைத் தேடறது. அடி வயித்துல வெந்நீர் பை வச்சுக்கலாம், ஆனா தோல் மேல நேரா வேண்டாம், துணி சுத்தி வைங்க, தோல் வெந்து போயிருந்தா அங்க வெட்டத் தயங்குவாங்க. தனியா இருக்காதீங்க அன்னைக்கு. எங்க அக்கா பாத்ரூம் கதவுக்கு வெளிய தரையில உக்காந்து நேரம் சொல்லிட்டே இருந்தாங்க, "இன்னும் மூணு டம்ளர்தான்டி"ன்னு.

அந்த நேரம் பார்த்து பீரியட்ஸ் வந்துட்டா ஆபரேஷன் நின்னுடுமோன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் நிறுத்த மாட்டாங்க, போன் பண்ணி சொன்னா போதும். டேம்பான், கப் வேண்டாம், பேட் மட்டும்.

அன்னைக்குக் காலை

முதல் நாள் ராத்திரியும் காலையிலயும் குளிங்க, கிருமிநாசினி சோப் கொடுத்திருந்தா அதுல. வயித்துலயும் கீழயும் நீங்களா ரேசர் போடாதீங்க, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியா கிருமி உள்ள போகும், தேவைன்னா அங்கயே கிளிப்பர்ல எடுத்துப்பாங்க. நெயில் பாலிஷ், நகை, காண்டாக்ட் லென்ஸ் எல்லாம் கழட்டிடுங்க, ஆடற பல் இருந்தா சொல்லுங்க.

பட்டினி விஷயத்துல பழைய வழக்கம் ராத்திரியில இருந்தே சொட்டுத் தண்ணி கூடாதுன்னு. டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990கள்ல ஆரம்பிச்ச, சீக்கிரமா தேறி வர்றதுக்கான முறையில இருந்து இது நிறைய மாறிடுச்சு. இப்ப பொதுவா திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிவான திரவத்துக்கு 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் அனுமதி, சில இடத்துல மாவுச்சத்து கலந்த ஒரு பானமே கொடுத்துக் குடிக்கச் சொல்லுவாங்க. குடல் கழுவி உடம்பு வறண்டிருக்கற நமக்கு இது பெரிய ஆறுதல். சுகர் இருக்கறவங்க, வயித்துல இருந்து மேல எதுக்களிக்கறவங்க, அந்த எடை குறைப்பு ஊசி போடறவங்களுக்கு கணக்கு வேற, அதனால "எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்"னு நேரம் போட்டு கேட்டுக்கோங்க.

பையில தளர்வான இடுப்பு இருக்கற உடை, இருமும்போது அணைக்க ஒரு சின்னத் தலையணை, நீளமான சார்ஜர், உதட்டுக்கு வாசலின், சர்க்கரை இல்லாத சூயிங்கம். சூயிங்கம் எதுக்குன்னா, மென்னா குடல் சாப்பாடு வருதுன்னு நினைச்சு அசைய ஆரம்பிக்கும், டாக்டர் சரின்னா ஆபரேஷன் முடிஞ்ச முதல் நாள்ல இருந்தே மெல்லலாம்.

கண்ணு முழிச்சதும் தோள்பட்டை வலிச்சா பயப்படாதீங்க, லேப்ரோஸ்கோபிக்கு, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷனுக்கு, வயித்துல அடைச்ச கேஸ் உதரவிதானத்தை உறுத்தறதால வர்றது, நடக்க நடக்கப் போயிடும். மலக்குடல்ல துண்டு எடுத்தவங்களுக்கு மோஷன் கொஞ்ச மாசம் அடிக்கடி, அவசரமா, துண்டு துண்டா போகும், உடம்பு பழகப் பழகக் குறையும்.

உங்க கூட இருக்கப் போறவங்ககிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே இதைச் சொல்லி வைங்க, ஏன்னா அப்ப நீங்க அரை மயக்கத்துல இருப்பீங்க, வலிதானேன்னு பொறுத்துக்கவும் பாப்பீங்க. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயித்து வலி கூடிட்டே போனா, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தா, படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சா, வயிறு உப்பி வாந்தி வந்தா, பிறப்புறுப்பு வழியா காத்தோ மோஷனோ வந்தா, அது இணைப்புல கசிவா இருக்கலாம், பெரும்பாலும் முதல் வாரம் பத்து நாளுக்குள்ள வரும், அதுக்குள்ள வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க. அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்கவே கூடாது, நடு ராத்திரியா இருந்தாலும் கிளம்பணும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 24 மணி நேரமும் எடுக்கற நம்பரை வாங்கி, உங்க போன்லயும் அவங்க போன்லயும் ஏத்தி, அங்க நிக்கும்போதே ஒரு தடவை அடிச்சுப் பாத்துடுங்க.